தானாகச் சாய்ந்த கேமரா

கையடக்கக் கேம் கணினியில் ‘மான்ஸ்டர் ஹன்டர் ரைஸ்’ என்ற வேட்டை கேமை ஆடும்போது, சண்டையின் நடுவே கேமரா தானாகத் தரையை நோக்கிச் சாய்ந்துவிடும். மூன்று முறை மயங்கி விழுந்தால் வேட்டை தோல்வி என்பதால், நாற்பது நிமிட உழைப்பு நொடியில் வீணாகும். இப்படியே ஐந்து இரவுகள் போயின.

கேமராவைத் திருப்பும் வலது அனலாக் குச்சியைச் சந்தேகித்து, அதன் சிற்றசைவுகளைக் கண்டுகொள்ளாத எல்லையான டெட் ஸோனைக் கூட்டினேன். கேமையே அழித்து மீண்டும் நிறுவினேன். பலனில்லை. பிறகுதான் கவனித்தேன்: கேமரா சாயும் அதே கணத்தில் திரையோரத்தில் மவுஸ் அம்புக்குறி தோன்றி மறைந்தது. குச்சியை அசைத்தால் அம்புக்குறி வராது. தொடுதிரையை யாரோ தொட்டதாகக் கருவி எண்ணுகிறது என்று பொருள். அதுவும் சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டுமே. அப்போது கருவியின் உலோகத் திருகில் விரல் பட்டால் மெல்லச் சுருக்கென்றது.

எர்த் இல்லாத இருமுனைச் சார்ஜரின் மின்கசிவுதான் தொடுதிரையைக் குழப்புகிறது என ஊகித்து, மடிக்கணினியின் மும்முனை டைப்-சி சார்ஜரை எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டினேன். அப்போதும் தொல்லை தீராததால் என் ஊகமே தவறென்று இரண்டு நாள் அதைக் கைவிட்டிருந்தது பெரிய பிழை. அல்சூரில் எங்கள் தெருவிலுள்ள எலக்ட்ரீஷியன் அந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் திறந்து, “சார், மூணு ஓட்டை இருக்கு, எர்த்துக்கான பச்சை ஒயரே இல்லையே” என்றார்.

அதே சார்ஜரை நேராகச் சுவர் பிளக்கில் செருகினேன். அன்றிரவு மூன்று வேட்டைகளிலும் கேமரா அசையவில்லை.