பகலில் ஒரு கணக்கு, இரவில் ஒரு கணக்கு: இடம்பெயர்ந்த சனத்தைப் பதிவது எப்படி

வெள்ளமோ சண்டையோ, சனம் எழும்பி ஓடிய மறுநாள் காலை கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கேட்கும் முதல் கேள்வி “மொத்தம் எத்தனை பேர்?” என்பதுதான். நான் சுனாமிக் காலத்தில் மட்டக்களப்பில் இந்த வேலைக்கு வந்தவள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையின் 2007 இடப்பெயர்வு, 2011 வெள்ளம் என்று அதிலேயே காலம் போனது. இப்போது தொண்டர்களாக வரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கிறேன். அவர்களிடம் வாயால் சொல்வதைத்தான் இங்கே எழுத்தில் போடுகிறேன்.

“எத்தனை பேர்” என்று யாராவது கேட்டால் உடனே எண்ணைச் சொல்லிவிடாதீர்கள். “எந்தக் கணக்கு?” என்று திருப்பிக் கேளுங்கள். பாதிக்கப்பட்டவர்கள் ஒரு கணக்கு; வீட்டை விட்டு வெளியேறியவர்கள் இன்னொரு கணக்கு; முகாமில் படுத்திருப்பவர்கள் மூன்றாவது. 2011 ஜனவரி வெள்ளத்தில் நாடு முழுக்கப் பாதிக்கப்பட்டோர் 10 லட்சத்துக்கும் மேல். அந்த எண்ணை வைத்து முகாம்களுக்குச் சமைத்தால் சோறு வாவியில்தான் போய் விழும். முகாம் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டாலோ உறவினர் வீட்டில் இருப்பவர்கள் பட்டினி. மூன்றுக்கும் தனித்தனி நிரல் போடுங்கள். ஒவ்வொரு தாளிலும் திகதியோடு நேரத்தையும் எழுதுங்கள். நேரமில்லாத எண்ணை நான் வாங்கிக்கொள்வதே இல்லை.

கையில் என்ன வேண்டும்? ஒரு சீ.ஆர். கொப்பி, ரெண்டு பென்சில். பேனை வேண்டாம், மழையில் மை கரைந்துவிடும். போனில் கோபோ மாதிரி விவரம் பதியும் செயலி இருந்தால் நல்லது. சிக்னல் இல்லாமலே நிரப்பிவிட்டுப் பிறகு அனுப்பலாம். ஆனால் வெள்ள நாளில் கரண்ட் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? கொப்பிதான் மூலம், போன் அதன் பிரதி.

இடத்திலிருந்து தொடங்குங்கள்

புதுசாக வரும் பிள்ளைகள் ஆளாளாகப் பெயர் எழுதத் தொடங்குவார்கள். முதல் நாளில் அது தேவையில்லை. முதலில் இடங்களை எழுதுங்கள்: எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் கோயில் மண்டபம், எந்தப் பள்ளிவாசல், எந்தத் தோட்டத்து மரநிழல். ஓர் இடத்துக்கு ஒரு வரி. ஐ.நா.வின் சர்வதேச புலம்பெயர்வு அமைப்பு 2004-இல் ஈராக்கில் தொடங்கி இன்று பல நாடுகளில் செய்துவரும் இடப்பெயர்வுக் கண்காணிப்பிலும் அடிப்படை இதுதான். இடத்தைப் பட்டியலிடு, அந்த இடத்தை அறிந்தவர்களைக் கேள், நேரில் போய்ச் சரிபார், சில நாளில் திரும்பப் போ.

நம் ஊரில் இதற்கு வசதியான அலகு, அரசின் ஆகச் சிறிய நிர்வாகப் பிரிவான கிராம சேவகர் பிரிவு. மட்டக்களப்பில் 14 பிரதேச செயலகப் பிரிவுகள், அவற்றுக்குள் முந்நூற்றுக்கு மேற்பட்ட கிராம சேவகர் பிரிவுகள். இப்போது தங்கியிருக்கும் பிரிவு, வந்த பிரிவு இரண்டையும் எழுதுங்கள். ஊர்ப் பெயர் மட்டும் போதாது. புதுக்குடியிருப்பு என்று ஒருவர் சொன்னால், அது காத்தான்குடிக்குத் தெற்கே இருப்பதா, முல்லைத்தீவில் இருப்பதா? பிரிவு இலக்கத்தையும் மாவட்டத்தையும் சேர்த்து எழுதினால் அந்தக் குழப்பம் இல்லை.

மூன்றாவதாக ஒரு நிரல் இருக்கிறது, அதைப் பலரும் விட்டுவிடுவார்கள்: “இதற்கு முன் எங்கே தங்கியிருந்தீர்கள்?” 2006 சண்டையில் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரிலிருந்து கிளம்பிய சனம் வாகரைக்கு வந்தது, அங்கிருந்து மட்டக்களப்பு முகாம்களுக்கு வந்தது, பிறகு திரும்பவும் மூதூர்ப் பக்கம் கிளிவெட்டி முகாமுக்குப் போனது. சொந்தக் காணிக்குப் போக 2015, 2016 ஆனது. வந்த ஊர், இருக்கும் ஊர் என்று இரண்டை மட்டும் எழுதினால் நடுவில் பட்ட பாடு கொப்பியில் வராது. கையில் இருந்ததை வழியிலேயே விற்றுத் தின்றுவிட்டு வந்த குடும்பத்துக்கும் நேற்றுத்தான் கிளம்பிய குடும்பத்துக்கும் ஒரே நிவாரணப் பையைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவீர்கள்.

எண்ணுவது

மூன்று பேரைக் கேளுங்கள்: கிராம சேவகர், முகாமுக்குள் சனம் தெரிவுசெய்த தலைவர், அப்புறம் ஒரு பெண். ஊர் மருத்துவிச்சியான குடும்பநல மாது கிடைத்தால் அவரை விட நல்ல ஆள் இல்லை. எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி பாக்கி என்பதெல்லாம் அவர் விரல் நுனியில் இருக்கும். மூவரும் ஒரே எண்ணைச் சொன்னால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள், ஒருவர் மற்றவரைக் கேட்டுச் சொல்லியிருப்பார். வித்தியாசம் வருவது நல்லது. ஏன் வருகிறது என்று விசாரித்தால் விஷயம் வெளியே வரும்.

அப்புறம் நீங்களே எண்ணுங்கள். எப்போது என்பதுதான் கேள்வி. சாப்பாட்டு நேரத்தில் எண்ணினால் பக்கத்து ஊர்ச் சனமும் வரிசையில் நிற்கும். காலை பத்து மணிக்குப் போனால் வயலுக்கும் மாட்டுக்கும் போனவர்கள் இருக்க மாட்டார்கள். ஆகவே இரவு எட்டு, ஒன்பது மணி. அதிலும் ஒரு பொறி இருக்கிறது: வாவியில் மீன்பிடிப்பவர்கள் இரவில்தான் தோணி எடுப்பார்கள். தலையை எண்ணிவிட்டு, “உங்கள் பாயில் படுப்பவர்கள் யாராவது இப்போது வெளியே போயிருக்கிறார்களா?” என்று ஒவ்வொரு குடும்பத்திடமும் கேளுங்கள். பெரும்பாலும் மனைவிமார்தான் சரியாகச் சொல்வார்கள்.

பள்ளிக்கூடமென்றால் வகுப்பறை வகுப்பறையாகப் போங்கள். எண்ணி முடித்ததும் கதவில் சோக்கால் திகதி, குடும்பம் எத்தனை, தலை எத்தனை என்று எழுதிவிடுங்கள். அடுத்தவர் திரும்ப எண்ணமாட்டார். நாளைக்கு வரும்போது அந்த எண்ணை அடித்துவிட்டுக் கீழே புது எண்ணைப் போடலாம். ஒரு வாரம் போனால் கதவைப் பார்த்தாலே அந்த அறை நிரம்புகிறதா குறைகிறதா என்று தெரியும்.

பெயர்ப் பதிவு மூன்றாம் நான்காம் நாளில் வரட்டும். நம் பெயர்களில் தலைப்பெழுத்துச் சிக்கல் உண்டு. ஒரே பெண் ஓரிடத்தில் தகப்பன் பெயரோடும் இன்னோரிடத்தில் புருசன் பெயரோடும் இருப்பார். அடையாள அட்டை இலக்கம் இருந்தால் அதைப் பாருங்கள். பழைய இலக்கத்தில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். 2016 முதல் வரும் புது அட்டையில் 12 இலக்கம், பிறந்த ஆண்டு முழுதாக இருக்கும். எழுதியது பிழையா என்று இதை வைத்து அங்கேயே சரிபார்க்கலாம். அட்டை தொலைந்தவரைப் பதியாமல் விடாதீர்கள். தொலைந்தது என்று குறித்து வையுங்கள், அதுவும் ஒரு தேவைதான்.

முகாமுக்கு வெளியே இருப்பவர்கள்

சொந்தக்காரர் வீட்டில் போய் ஒதுங்குவதுதான் நம் வழக்கம். முகாமுக்கு வருபவர்கள் பெரும்பாலும் அப்படி ஒதுங்க வீடு கிடைக்காதவர்கள். வீடுகளுக்குள் இருப்பவர்களைத் தேட வீடு வீடாக ஏறி இறங்க வேண்டியதில்லை. முதலில் பாண் விற்கும் கடைக்குப் போங்கள்: வழக்கமாக எத்தனை றாத்தல் போகும், இப்போது எத்தனை? பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளைக் கேளுங்கள். கிளினிக்கில் வேறு பிரிவுக் குழந்தை அட்டையோடு வந்த தாய்மாரைக் கேளுங்கள். எந்த ஒழுங்கையில் ஆள் கூடியிருக்கிறது என்று இந்த மூன்றிலேயே தெரிந்துவிடும். பிறகு அந்த ஒழுங்கைக்கு மட்டும் போனால் போதும்.

அந்த வீட்டுக்காரரையும் கணக்கில் சேருங்கள். ஐந்து பேர் இருந்த வீட்டில் பதினாறு பேர் என்றால் அரிசிப் பானைக்கு முன்னால் மலசலகூடக் குழிதான் நிரம்பும். ஒரு மாதம் போனால் முகம் சுளிப்பும் வரும். “இன்னும் எத்தனை நாள் வைத்திருக்க முடியும்?” என்று வீட்டுக்காரரிடம் தனியாகக் கேளுங்கள். அவர் சொல்லும் பதில்தான் அடுத்த இடப்பெயர்வு எப்போது என்பதற்கான முன்னறிவித்தல்.

நகர்வைப் பார்ப்பது

2007 மார்ச்சில் படுவான்கரையில் ஷெல் விழத் தொடங்கியதும் சனம் வாவியைக் கடந்து கிழக்கே எழுவான்கரைக்கு வந்தது. மாவட்டத்தில் இடம்பெயர்ந்தோர் ஒன்றரை லட்சத்துக்கும் மேலே போனார்கள். இப்படி வருபவர்கள் எல்லாப் பக்கத்தாலும் வர முடியாது. வவுணதீவுப் பாதை, பட்டிருப்புப் பாலம், செங்கலடிப் பக்கம் கறுத்தப் பாலம், அப்போது பாலமில்லாமல் படகுப் பாதை மட்டுமே இருந்த மண்முனைத் துறை. இப்படிக் கழுத்து மாதிரி ஒடுங்கிய இடங்களைத் தெரிந்து அங்கே உட்காருங்கள்.

அங்கே பெயர் கேட்கவே கூடாது. எத்தனை பேர், எங்கிருந்து, எங்கே போகிறார்கள், அவ்வளவுதான். நாலு கோடு, ஐந்தாவது குறுக்கே. உழவு இயந்திரப் பெட்டியில் வந்தால் பெட்டியை எண்ணாமல் தலையை எண்ணுங்கள். நாள் முழுக்க உட்கார ஆள் இல்லையென்றால் தினமும் அதே இரண்டு மணித்தியாலம் உட்காருங்கள். முழு எண்ணிக்கை வராது. ஆனால் கூடுகிறதா குறைகிறதா என்பது நிச்சயமாக வரும்.

சாமான்களையும் ஒரு கண் பாருங்கள். ஒரு பையோடு வந்தவர் இரண்டு நாளில் திரும்பும் நினைப்பில் வந்திருக்கலாம். கோழி, தையல் மெஷின், தானிய மூட்டை என்று வந்தால் அவர் வேறு கணக்குப் போட்டிருக்கிறார். எதிர்த்திசையில் ஆண்கள் மட்டும் மண்வெட்டியோடு போய் மாலையில் திரும்பினால் ஊரைப் பார்த்துவர ஆரம்பித்துவிட்டார்கள் என்று அர்த்தம். இதையெல்லாம் “குறிப்பு” நிரலில் எழுதுங்கள், எண்ணாக மாற்றப் பார்க்காதீர்கள்.

தேவையைக் கேட்கும் விதம்

“என்ன வேணும்?” என்று கேட்டால் பக்கத்து முகாமில் நேற்று என்ன கொடுத்தார்களோ அதுதான் பதிலாக வரும். ஒரே முகாமுக்கு ஒரே வாரத்தில் மூன்று தரப்பு பாய் கொண்டுவந்து இறக்கியதைப் பார்த்திருக்கிறேன். அங்கே ஒரு வாளி கிடையாது. நேற்று என்ன சாப்பிட்டீர்கள், தண்ணீருக்கு எவ்வளவு நேரம் நின்றீர்கள், இரவில் மலசலகூடத்துக்கு யாரோடு போகிறீர்கள் என்று நடந்ததைக் கேளுங்கள்.

அப்புறம் ஸ்ஃபியர் நியமங்களை, அதாவது நிவாரண வேலைக்கான சர்வதேசக் குறைந்தபட்ச அளவுகளை, வைத்துக் கணக்குப் போடுங்கள். 600 பேர் இருக்கும் முகாமென்று வையுங்கள். ஆளுக்கு நாளுக்குக் குறைந்தது 15 லீற்றர் தண்ணீர், ஆக 9,000 லீற்றர். 250 பேருக்கு ஒரு குழாய், ஆக மூன்று. மலசலகூடம் ஆரம்பத்தில் 50 பேருக்கு ஒன்றென்று 12, பிறகு 20 பேருக்கு ஒன்றென்று 30. படுக்க ஆளுக்கு 3.5 சதுர மீற்றர். 20 அடிக்கு 25 அடி வகுப்பறையில் 13 பேருக்குத்தான் இடம். உங்கள் கதவில் 40 என்று சோக்கு சொல்கிறதா? அந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு பிரதேச செயலாளரிடம் நீட்டுங்கள். “மிகவும் நெருக்கடியான நிலை” என்று ஒரு பக்கம் எழுதுவதை விட அது சீக்கிரம் வேலை செய்யும்.

பெண்களிடம் பெண்தான் கேட்க வேண்டும், ஆண்கள் காதுக்கு எட்டாத இடத்தில். நாப்கின், உள்ளாடை, கதவுக்குக் கொண்டி, வழியில் ஒரு லைட். முகாம் தலைவர் சொல்லும் பட்டியலில் இந்த நாலும் வரவே வராது. “மாற்றுத்திறனாளி யாராவது உண்டா?” என்று கூட்டத்தில் கத்திக் கேட்டாலும் யாரும் கை தூக்க மாட்டார்கள். பார்க்க, கேட்க, நடக்க, நினைவில் வைக்க, குளித்து உடுத்திக்கொள்ள, பேசிப் புரியவைக்கக் கஷ்டமா என்று ஆறு கேள்வியாகப் பிரித்துக் குடும்பத்துக்குள் கேளுங்கள். சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுபவர், பிரசர் குளிசை முடிந்தவர், இந்த மாதம் பிரசவம் உள்ளவர் ஆகியோரை நாளைக்கென்று விடாமல் அன்றைக்கே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ குடும்பநல மாதுவிடமோ சொல்லிவிடுங்கள்.

இரண்டு கொப்பி

2007-இல் சனம் பெயர் சொல்லப் பயந்தது. எந்தப் பட்டியல் யார் கைக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது. வயது வந்த மகனைக் கணக்கில் சொல்லாமல் விட்டார்கள், அதை நாங்கள் துருவிக் கேட்கவுமில்லை. புலிகள் இயக்கத்தில் இருந்தாரா, காணாமல் போனவர் எங்கே கடைசியாக இருந்தார் என்பதெல்லாம் உணவுப் பட்டியலுக்குத் தேவையில்லாத கேள்விகள். பயன்படாததை எழுதாதீர்கள்.

பெயர்கள் உள்ள கொப்பி ஒன்று, இட வாரியாக எண்கள் மட்டும் உள்ள கொப்பி ஒன்று. வெளியே கொடுப்பது இரண்டாவதை மட்டும். பெயரை வெட்டிவிட்டு அடையாள அட்டை இலக்கத்தை மட்டும் அனுப்பினால் பரவாயில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. மேலே சொன்னபடி அந்த இலக்கமே வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் காட்டிக்கொடுத்துவிடும். பட்டியலைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கத்தை அடியோடு விடுங்கள். 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இப்போது இருக்கிறது.

போனவர்கள்

ஒரு குடும்பம் முகாமை விட்டுப் போனால் பெயரை வெட்டாதீர்கள். “வெளியேறிய திகதி”, “எங்கே” என்று எழுதுங்கள்: சொந்த வீடு, சொந்தக்காரர் வீடு, வேறு முகாம், தெரியாது. போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டபோது கடைசியாக வெளியேறிய முல்லைத்தீவுக் கேப்பாப்பிலவுச் சனம் கேப்பாப்பிலவுக்குப் போகவில்லை. காணி இராணுவத்திடம் இருந்ததால் சீனியாமோட்டையில் கொண்டுபோய் விட்டார்கள். முகாம் எண்ணிக்கையில் அவர்கள் பூச்சியம். ஊரில் இருந்தவர்கள் கணக்கிலும் பூச்சியம்.

ஆகவே திரும்பிப் போனவர்களை ஒரு மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள். கூரை இருக்கிறதா, கிணறு இறைத்தார்களா, பள்ளிக்கூடம் திறந்திருக்கிறதா, இரவில் அங்கேதான் படுக்கிறார்களா? கடைசிக் கேள்விக்கு வாசலில் நிற்கும் அடுப்பைப் பார்த்தாலே பதில் தெரியும். சாம்பல் பழசாக இருந்தால் பகலில் மட்டும் வந்து போகிறார்கள்.

முகாம் மூடியதும் பெயர்க் கொப்பியைப் பிரதேச செயலகத்தில் ஒப்படைத்து, வாங்கியவரிடம் கையொப்பமும் திகதியும் எடுங்கள். போனில் இருக்கும் படங்களை அழித்துவிட்டு, “சமீபத்தில் நீக்கியவை” என்று ஒரு கோப்புறை இருக்கும், அதையும் காலி பண்ணுங்கள்.