வியூக விளையாட்டு பேலன்ஸ்: ஐம்பது சதவீதத்தை நம்பாதீர்கள்

போட்டி வியூக விளையாட்டு செய்யும் சிறு குழுக்கள் தங்கள் பேலன்ஸ் கணக்கை, அதாவது எந்தப் படையும் அநியாயமாக ஓங்காமல் சமன்படுத்தும் கணக்கை, எனக்கு அனுப்புவதுண்டு. திறந்தால் பெரும்பாலும் நானும் ஒரு காலத்தில் கட்டிக்கொண்டு அழுத அதே கோளாறுகள்தான். வில்லாளி விலை மலிவு, குதிரைக்கு வேகம் அதிகம் என்பதெல்லாம் நாலு பேர் ஆடினாலே வெளியே வந்துவிடும். அவற்றை விடுகிறேன்.

மொத்த வெற்றி விகிதத்தைப் பார்த்துத் திருப்திப்படுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு குழுவின் கைபேசி விளையாட்டில் மூன்று படைகள். மூன்றும் ஐம்பது சதவீதத்தை ஒட்டி ஜெயிப்பதாக எக்செல் தாளைக் காட்டினார்கள். "ரேங்க் வாரியா பிரிச்சுப் பாத்தீங்களா?" என்றேன். "எதுக்குண்ணா, அதான் ஐம்பது வருதே!" பிரித்துப் பார்த்தால், ஒரு படை கீழ் ரேங்க்கில் எல்லாரையும் நசுக்கிக்கொண்டிருந்தது. மேல் ரேங்க்கில் அதை எடுத்தவர்கள் உதை வாங்கினார்கள். இரண்டையும் கலந்தால் அழகான ஐம்பது. இதற்கிடையே புதியவர்கள் வந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருக்க, அவர்களை இழுத்து வர விளம்பரத்துக்குக் காசு கொட்டிக்கொண்டிருந்தது குழு.

இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. ஜெயித்தால் ஏறி, தோற்றால் இறங்கும் எலோ மாதிரியான மதிப்பெண்ணை வைத்து, ஜோடி சேர்க்கும் முறை சமபலம் உள்ளவர்களையே மோதவிடும். பலவீனமான படையை மட்டுமே ஆடுகிறவர் தோற்றுத் தோற்று ரேங்க் இறங்குவார். இறங்கிய இடத்தில் மறுபடி பாதிக்குப் பாதி ஜெயிப்பார். ஆகவே அந்த ஐம்பது, ஜோடி சேர்க்கும் முறை ஒழுங்காக ஓடுகிறது என்பதற்குத்தான் சாட்சி. படை மாற்றி மாற்றி ஆடுகிறவர்களைத் தனியே எடுத்து, எந்தப் படையில் அவர்கள் சறுக்குகிறார்கள் என்று பாருங்கள். உண்மை அங்கே இருக்கும்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இல் நீண்ட காலம் சீனர்கள் ஆடிய விதம் இதற்கு நல்ல பாடம். வழக்கமான நாகரிகங்கள் 3 கிராமவாசி, 200 உணவோடு தொடங்கும். சீனருக்கு 6 கிராமவாசி, உணவு பூஜ்யம். அடுத்த கிராமவாசிக்கு 50 உணவு வேண்டும். தேர்ந்தவர் வரைபடத்தில் திரியும் செம்மறி ஆட்டைச் சட்டென்று, கிராமவாசிகளை உருவாக்கும் டவுன் சென்டருக்கு ஓட்டிவந்து, அந்த உணவைத் தேற்றி, கூடுதல் மூன்று கைகளின் லாபத்தை ஆட்டம் முழுக்கச் சாப்பிடுவார். புதியவர் ஆட்டைத் தேடி முடிப்பதற்குள் டவுன் சென்டர் யாரையும் உருவாக்காமல் தூங்கிவிடும். பாவமே என்று தொடக்க உணவைக் கூட்டினால், மேலே இருப்பவர் கையில் அது ஆயுதம். எந்தச் சராசரியும் இந்த இரண்டு ஆட்டங்களையும் பிரித்துக் காட்டாது.

லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் 2019-இல் வெளியிட்ட முறை எனக்குப் பிடித்தது. சாதாரண ஆட்டக்காரர், திறமைசாலி, உச்ச ரேங்க், தொழில்முறை என்று நான்கு தட்டு. ஏதாவது ஒரு தட்டில் மிஞ்சினாலே அந்தப் பாத்திரம் நெர்ஃப், அதாவது பலம் குறைப்பு. நான்கிலும் நோஞ்சானாக இருந்தால்தான் பஃப், அதாவது பலம் கூட்டல். சில பாத்திரங்கள் புதியவர் கையில் எப்போதும் மொக்கையாகவே கிடக்கும் என்பதை இது ஏற்றுக்கொள்கிறது. அந்தத் தைரியம் சின்னக் குழுக்களுக்குத்தான் வருவதில்லை.

புலம்பல் வந்ததும் சேதத்தைக் குறைப்பது

ஸ்டார்கிராஃப்ட் 2-இல் மரீன் என்ற துப்பாக்கி வீரனின் உயிர் 45. உருண்டு வந்து தானே வெடிக்கும் எதிரிப் பூச்சியான பேன்லிங் வெடித்தால் மரீனுக்கு 35 சேதம், அதுவும் சுற்றி நிற்பவர்களுக்கும் சேர்த்து. கும்பலாக நின்றால் இரண்டு வெடிப்பில் கும்பலே காலி. தேர்ந்தவர் மரீன்களைச் சிதறடித்துத் தப்பிப்பார்; புதியவர் திரையைப் பார்த்துக் கத்துவார். அந்தக் கத்தலைக் கேட்டு 35-ஐ வெட்டினால், சிதறடிக்கும் வித்தைக்கு மதிப்பு போய்விடும். மேல்மட்டத்தில் மரீன் கூட்டத்தை நிறுத்தவும் ஆள் இருக்காது. புதியவருக்கு வேண்டியது வேறு: ஆபத்து வருவது முன்கூட்டியே கண்ணுக்கும் காதுக்கும் எட்ட வேண்டும், தூரத்திலிருந்து குண்டு வீசும் சீஜ் டாங்க் போல விரல் வேகம் அதிகம் கேட்காத ஒரு பதிலடியும் கையில் இருக்க வேண்டும்.

தற்காப்பை இலவசமாக்குவது

2012 மே மாதம் அதே விளையாட்டில், ஸெர்க் என்ற பூச்சிப் படையின் குயின், தரைப்படைகளை அடிக்கும் தூரம் 3-இலிருந்து 5 ஆனது. ஸெர்க் ஆட்டக்காரர்கள் தொடக்கத்தில் திணறக் கூடாது என்பது எண்ணம். வல்லவர்களோ குயின்களையே காவலுக்கு வைத்து, படையே இல்லாமல் மூன்றாவது தளம் பிடித்து, கடைசிக் கட்டத்துப் பலசாலிகளான இன்ஃபெஸ்டர், ப்ரூட் லார்ட் சேர்க்கும்வரை நிம்மதியாக உட்கார்ந்தார்கள். அந்த வருடத்துப் போட்டிகளைப் பார்த்தவர்களுக்குக் கொட்டாவி நினைவிருக்கும்.

ஒரே பேட்ச்சில் (புதுப்பிப்பில்) பத்து மாற்றம்

வேண்டாம்.

வரைபடத்தை மறப்பது

முதல் ஸ்டார்கிராஃப்ட்டின் விரிவாக்கமான ப்ரூட் வாரின் படை எண்களில் 2001-க்குப் பிறகு யாரும் கை வைக்கவில்லை. கொரிய லீக்குகள் வரைபடங்களை மாற்றி மாற்றியே சமநிலையைக் காத்தன. சேதத்தைத் தொடும் முன் குறுகலான வாசல் ஒன்றை வைத்துப் பாருங்கள்.

புதியவருக்கு மறைவாகக் கை கொடுப்பது

கோ ஆட்டத்தில் பலவீனருக்கு 2 முதல் 9 காய் வரை முன்கூட்டியே பலகையில் வைப்பார்கள். எல்லாரும் பார்க்க, வெளிப்படையாக. உங்கள் ரேங்க் ஆட்டத்தில் அதைத் திருட்டுத்தனமாகச் செய்தால், ஆடிய ஆட்டத்தின் பதிவான ரீப்ளேயை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் ஒருவன் ஒரே வாரத்தில் கண்டுபிடிப்பான். அதற்கப்புறம் ஜெயித்தவனும் உங்களை நம்பமாட்டான்.