'ஒய்த': தெரிந்த வினையில் தெரியாமல் செய்யும் பிழைகள்

பழங்கிரேக்கம் படிப்பவர்கள் நிறைவுகால வடிவங்களை, அதாவது செயல் முடிந்துவிட்டதைக் காட்டும் வடிவங்களை, மனப்பாடம் செய்து முடித்த சூட்டோடு 'ஒய்த' என்ற வினையைக் கண்டால், 'அறிந்திருந்தேன்' என்று எழுதிவிடுவார்கள். வடிவம் நிறைவுகாலம்தான், பொருளோ நிகழ்காலம், 'எனக்குத் தெரியும்'. 'தெரிந்திருந்தது' என்பதற்கு 'ஏய்தே' என்று தனி வடிவம் இருக்கிறது.

காரணம் வேரில் கிடக்கிறது. அதன் பழம்பொருள் 'பார்'. பார்த்தாயிற்று, அதனால் தெரியும். 'பார்த்தேன்' என்ற பொருளில் வரும் 'எய்தொன்' இதற்கு உடன்பிறப்பு. தமிழருக்கு இதில் வியப்பில்லை: மலையும் தெரிகிறது, விடையும் தெரிகிறது. யோவான் 9:25-இல் பார்வை பெற்றவன் தனக்கு ஒன்றுதான் தெரியும் என்கிறான்; குருடனாயிருந்தவன் இப்போது பார்க்கிறான் என்பதே அது. அங்கே 'தெரியும்' என்பது இந்த 'ஒய்த'தான்.

சொல்லின் முதலில் ஒரு வகரம் இருந்தது. கிரேக்கத்தில் அது உதிர்ந்துவிட்டது. 'தெரியும்' என்றே பொருள்படும் சமஸ்கிருத 'வேத' என்ற வினை அதைக் காத்துவைத்திருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு கிரேக்கம் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தது என்று கிளம்பிவிடுவோரும் உண்டு. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், அவ்வளவுதான்.

பன்மையில்தான் அதிகம் வழுக்கும். 'ஒய்த, ஒய்ஸ்த, ஒய்தெ' (எனக்கு, உனக்கு, அவனுக்குத் தெரியும்) என்று ஒருமையில் வந்த கையோடு 'ஒய்தமென்' என்று நீட்டத் தோன்றும். ஏதென்ஸ் நகரத்து உரைநடையில் 'நமக்குத் தெரியும்' என்பது 'இஸ்மென்'. அடுத்தவை 'இஸ்தெ, இஸாஸி' (உங்களுக்கு, அவர்களுக்குத் தெரியும்). சமஸ்கிருதத்திலும் 'வேத' பன்மையில் 'வித்ம' என்று குறுகுவதைப் பார்த்தால் நினைவில் நிற்கும். ஆனால் புதிய ஏற்பாட்டில் 'ஒய்தமென்' என்றே வரும். அங்கே சிவப்பு மை வேண்டாம்.

'இஸ்தி' என்ற ஏவல் வடிவம் 'தெரிந்துகொள்' என்றும் பொருள்படும், 'இரு' என்றும் பொருள்படும். வாக்கியத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இன்னொரு குழப்பம் 'ஒயொமாய்', அதாவது 'நினைக்கிறேன்'. காதுக்கு ஒன்றுபோல் இருந்தாலும் உறவில்லை. "எனக்கு ஒன்றும் தெரியாது என்பது மட்டும் தெரியும்" என்று சாக்ரடீஸ் பெயரில் உலவும் வாசகம் அவருடைய மாணவர் பிளேட்டோவின் நூல்களில் அப்படியே இல்லை. பிளேட்டோ எழுதிய நீதிமன்ற உரையில் சாக்ரடீஸ் சொல்வது, தமக்குத் தெரியாது, தெரியும் என்று நினைத்துக்கொள்வதுமில்லை என்பதே. தெரியாததற்கு 'ஒய்த', நினைத்துக்கொள்ளாததற்கு 'ஒயொமாய்'.