சிறார் வழக்கை முதல்முறை எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் மாஜிஸ்திரேட் நீதிமன்ற வராந்தாவில் ஒரு இளம் வழக்கறிஞர், ரிமாண்டுக்கு வந்திருந்த பையனின் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். "ஆதார் இருக்குல்லம்மா, அது போதும். மத்தத உள்ள வைங்க." அந்த அம்மா கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. அதற்குள் பையனின் பள்ளிக் காகிதங்கள் எல்லாம் இருந்தன. திறந்தவர், அப்படியே மூடி வைத்துவிட்டார்.

நான் போய்ப் பேசினேன். அவர் கோபப்படாமல் கேட்டுக்கொண்டார். ஆனால் வீடு திரும்பிய பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை. அதே தவறை நானும் செய்திருக்கிறேன், அதற்கு ஒரு பையன் விலை கொடுத்திருக்கிறான். அதனால்தான் இதை எழுதுகிறேன். வாய்தா தேதியை மறப்பது, வக்காலத்தில் பெற்றோர் கையெழுத்து வாங்காமல் விடுவது போன்றவற்றைச் சொல்லப் போவதில்லை. அவை ஒரு தடவை திட்டு வாங்கினால் சரியாகிவிடும்.

வயதை முதல் நாளே பிடிக்காமல் விடுவது

2019 ஏப்ரல். செல்போன் பறிப்பு வழக்கில் மூன்று பேர் கைது. இரண்டு பேருக்கு இருபதைத் தாண்டியிருந்தது. மூன்றாமவன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனவன். ரிமாண்ட் அறிக்கையில் அவனுக்கு வயது 18. அப்பா ஆதாரைக் கொண்டுவந்தார். பிறந்த தேதி 01.01.2001. கணக்குப் போட்டேன், 18 வருடம் 3 மாதம். சரி, மேஜர்தான் என்று வழக்கமான ஜாமீன் மனுவைப் போட்டேன். தள்ளுபடி. செஷன்ஸில் போட்டேன். அதுவும் தள்ளுபடி. பையன் கிளைச் சிறையில் இருந்தான்.

நாற்பதாவது நாள் அவனுடைய அம்மா அலுவலகத்துக்கு வந்தார். பேச்சுவாக்கில், "ஆதார் எடுத்தப்ப தேதி ஞாபகமில்ல சார், வருஷம் மட்டும்தான் சொன்னோம்" என்றார். பையிலிருந்து பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை எடுத்தார். நான்காக மடித்தது, மடிப்பெல்லாம் செலோ டேப், ஒரு மூலையில் மஞ்சள் கறை. இரண்டு பாடத்தில் தோல்வி. பிறந்த தேதி 14.08.2001. அதாவது சம்பவத்தன்று அவனுக்கு 17 வருடம் 8 மாதம். அந்தக் காகிதம் முதல் நாளிலிருந்தே அவரிடம் இருந்தது. ஃபெயில் மார்க் ஷீட்டை யாரிடம் காட்டுவது என்று கூச்சப்பட்டு உள்ளேயே வைத்திருந்தார். நானும் கேட்கவில்லை.

அப்புறம் வயது மனு, பள்ளிக்கு சம்மன், தலைமையாசிரியர் பதிவேட்டோடு வந்து சாட்சி. எல்லாம் முடிந்து வழக்கு, பதினெட்டு நிரம்பாதவர்களின் வழக்குகளைப் பார்க்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போன அன்றே தாயின் பொறுப்பில் விட்டார்கள். மொத்தம் 57 நாள். வெளியே வந்தவன் என் மேசைக்கு எதிரே கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். "உட்காருடா தம்பி" என்று மூன்று தடவை சொன்னேன். உட்காரவே இல்லை.

இது சட்டத்தில் ஓட்டை இருந்ததால் நடக்கவில்லை. இளைஞர் நீதிச் சட்டம், 2015 இதில் தெளிவாகத்தான் இருக்கிறது. பார்க்க வேண்டியது குற்றம் நடந்த தேதியில் உள்ள வயதை, கைதான தேதியில் உள்ளதை அல்ல. உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2005-லேயே இதை முடித்துவைத்துவிட்டது. வயதை நிரூபிக்கும் வரிசை 94-ஆம் பிரிவில் இருக்கிறது. முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லாவிட்டால் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி தரும் பிறப்புச் சான்றிதழ். இரண்டுமே இல்லாதபோதுதான் எலும்பு முதிர்ச்சிச் சோதனை. இந்த வரிசையில் ஆதார் எங்கேயும் கிடையாது. 2024-ல் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கிலும், ஆதார் பிறந்த தேதிக்கு ஆதாரமல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

டி.சி.யை மட்டும் நம்பிப் போகாதீர்கள். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு போக்சோ வழக்கில், மாற்றுச் சான்றிதழும் சேர்க்கைப் பதிவேட்டு நகலும் 94-ஆம் பிரிவு கேட்கும் ஆவணங்கள் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொன்னது. அங்கே கேள்வி பாதிக்கப்பட்ட பெண்ணின் வயது பற்றியது. ஆனால் பிரிவு ஒன்றுதானே, நம் பையனுக்கும் அதே அளவுகோல்தான். தலைமையாசிரியரிடம் பிறந்த தேதிச் சான்றாகவே கேட்டு வாங்குங்கள், பதிவேட்டோடு வந்து சாட்சி சொல்லவும் கூப்பிடுங்கள்.

எடுத்த எடுப்பில் எலும்புச் சோதனை கேட்பது இன்னொரு அவசரம். அது ஒரு வயதைச் சொல்லாது, "17-லிருந்து 19-க்குள்" என்பது மாதிரிதான் சொல்லும். கையில் நல்ல காகிதம் இருக்கும்போது இதைக் கேட்பது, இல்லாத சந்தேகத்தை நாமே உண்டாக்குவது.

பள்ளியில் சேர்க்கும்போது ஒரு வருடம் கூட்டிச் சொன்ன குடும்பங்கள் நம் ஊரில் ஏராளம். அந்தச் சிக்கல் இருந்தால் மார்க் ஷீட்டை ஒளித்துவிட்டு, புதிதாக வாங்கிய பிறப்புச் சான்றிதழை மட்டும் நீட்டாதீர்கள். அரசுத் தரப்பு பள்ளிக்குப் போய்க் கேட்க ஒரு நாள் போதும். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

பையன்களே பதினெட்டு என்று சொல்வதும் உண்டு. "ஹோமுக்குப் போனா மூணு வருஷம், பதினெட்டுன்னு சொல்லிடு, சீக்கிரம் பெயில்" என்று உடன் பிடிபட்ட பெரியவர்கள் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். மூன்று வருடம் என்பது விசாரணை முடிந்து சிறப்பு இல்லத்துக்கு அனுப்பினால் அதற்கு உள்ள உச்ச வரம்பு. விசாரணை நடக்கும்போது தங்கவைக்கும் கூர்நோக்கு இல்லத்துக்கு முதல் நாள் போவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதைப் பையனுக்கும் வீட்டாருக்கும் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும்.

வழக்கு எந்தக் கட்டத்தில் இருந்தாலும், தீர்ப்பு இறுதியான பிறகும்கூட, வயதை எழுப்பலாம் என்று 9-ஆம் பிரிவு சொல்கிறது. அது தவறை நேர்செய்ய வைத்த வழி. அதைக் காரணம் காட்டி "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று ஒரு ஜூனியர் சொன்னால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. அந்த "அப்புறம்" வரைக்கும் பையன் சிறையில் இருக்கிறான்.

பையனிடம் தனியாகப் பேசாதது

அப்பா பக்கத்தில் இருந்தால் பையன் வாயைத் திறக்க மாட்டான். பிடித்த 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் போக, குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது என்கிறது 10-ஆம் பிரிவு. ஆவணத்தில் நேரம் எப்போதும் சரியாகவே இருக்கும். ஒரு பையனிடம் எப்போது பிடித்தார்கள் என்று கேட்டேன். அவனுக்கு நேரம் சொல்லத் தெரியவில்லை. என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். "ரெண்டு தடவ இட்லி, மூணு தடவ பொட்டலம்" என்றான். இரண்டு இரவு போயிருக்கிறது. அடி விழுந்ததா என்றும் அப்படியே மெதுவாகக் கேளுங்கள். காயம் இருந்தால் முதல் அமர்விலேயே குழுமத்தின் பதிவில் ஏற்றி, மருத்துவப் பரிசோதனை கேளுங்கள். ஒரு வாரம் கழித்துக் காயமும் ஆறியிருக்கும், பையனும் பயந்துபோய் மாற்றிச் சொல்வான்.

செஷன்ஸ் ஜாமீன் மனுவை அப்படியே நகலெடுப்பது

12-ஆம் பிரிவின்படி சிறாருக்கு ஜாமீன்தான் விதி. மறுக்க மூன்று காரணங்கள்தான். வெளியே விட்டால் அறியப்பட்ட குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே உடலளவிலோ மனதளவிலோ ஒழுக்க அளவிலோ ஆபத்து வரும், நீதியின் நோக்கம் கெடும். குற்றம் கொடியது என்பது அதில் இல்லை. அப்படியிருக்க, "மனுதாரர் நிரபராதி, புலன் விசாரணை பெரும்பகுதி முடிந்துவிட்டது" என்று நான்கு பக்கம் எழுதி என்ன பயன்? பையன் யார் வீட்டில் இருப்பான், பகலில் யார் பார்த்துக்கொள்வார்கள், அந்தத் தெருவை விட்டு அத்தை வீட்டில் வைக்க முடியுமா, எந்தப் பள்ளியில் அல்லது ஐ.டி.ஐ.யில் சேர்ப்பீர்கள், இதை எழுதுங்கள். அத்தையைக் கையோடு கூட்டிவந்து நிறுத்துங்கள். நிபந்தனையை நிறைவேற்ற முடியாமல் ஏழு நாளாகிவிட்டால், மாற்றக் கோரி மறுபடி குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

நன்னடத்தை அலுவலரைக் கண்டுகொள்ளாமல் விடாதீர்கள். பையனின் குடும்பம், சூழல் பற்றி அவர் தரும் சமூக விசாரணை அறிக்கையைத்தான் குழுமம் முதலில் புரட்டும். அவர் வீட்டுக்கு வருகிற அன்று வீட்டில் யாராவது இருக்க வேண்டும். பூட்டிய வீடு என்று அறிக்கையில் ஏறிவிட்டால் அதை அழிப்பது கஷ்டம்.

முதற்கட்ட மதிப்பீட்டை விசாரணை என்று நினைப்பது

16 முடிந்த சிறார்மீது கொடுங்குற்றம், அதாவது குறைந்தபட்சத் தண்டனையே ஏழு வருடமோ அதற்கு மேலோ உள்ள குற்றம், சுமத்தப்பட்டால், அவனைப் பெரியவராக விசாரிக்க வேண்டுமா என்று பார்க்க 15-ஆம் பிரிவில் மதிப்பீடு நடக்கும். அங்கே அவன் செய்தானா இல்லையா என்பது கேள்வியே இல்லை. அவனுடைய மன, உடல் திறன், விளைவைப் புரிந்துகொள்ளும் ஆற்றல், சம்பவச் சூழல், இவ்வளவுதான். உளவியலாளர் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, படிக்க அவகாசமும் கேளுங்கள். குழும உறுப்பினர்களில் குழந்தை உளவியலோ மனநல மருத்துவமோ படித்தவர் இல்லாவிட்டால் நிபுணர் உதவி கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொல்லியிருக்கிறது.

"ஒத்துக்கிட்டா இன்னிக்கே வீட்டுக்கு"

யார் சொன்னாலும் தலையாட்டாதீர்கள். செய்யாததை ஒத்துக்கொள்ள வைப்பது வாதாடுவது ஆகாது.

வாட்ஸ்அப்பில் படம்

பையனின் படத்தைப் போடவே கூடாது. அவன் அடையாளத்தை வெளியிட்டால் 74-ஆம் பிரிவு, ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

வழக்கு முடிந்ததும் கட்டைக் கட்டி வைத்துவிடுவது

பையன் நான்கு வருடம் கழித்துக் காவலர் தேர்வு எழுதுவான், பாஸ்போர்ட் எடுப்பான். அப்போது பழைய வழக்கு தலைதூக்கும். சிறாராக இருந்தபோது நடந்த சம்பவத்தின் வழக்கால் தகுதியிழப்பு வரக் கூடாது, பதிவேடுகளை உரிய காலத்துக்குப் பிறகு அழிக்க வேண்டும் என்று 24-ஆம் பிரிவு சொல்கிறது. குழந்தைகள் நீதிமன்றத்தில் பெரியவராக விசாரிக்கப்பட்டு, கொடுங்குற்றம் நிரூபணமானவர்கள் மட்டும் இதற்கு விலக்கு. அந்தக் காலம் எப்போது முடிகிறது என்று உங்கள் டைரியில் குறித்துவைத்து, அந்த வாரமே குழுமத்தில் மனு கொடுங்கள். உத்தரவின் சான்றிட்ட நகல் இரண்டு வாங்கி, ஒன்றைப் பையனின் அம்மாவிடம் கொடுங்கள். அந்த ஜவுளிக்கடைப் பையில் அது பத்திரமாக இருக்கும்.