யூரிக் ஆசிட் வலி: வந்த ராத்திரி என்ன செய்வது, வராமலிருக்க என்ன செய்வது

முதல் தடவை எனக்கு வந்தது ஒரு கெடா விருந்து முடிந்த ராத்திரியில். பவானியில் ஜமக்காளம் நெய்கிறேன், குழித்தறி. அன்று மத்தியானம்வரை தறியில் இருந்துவிட்டு, பங்காளி வீட்டு விருந்தில் ஈரல் வறுவலும் குடல் குழம்பும் வயிறு நிறையச் சாப்பிட்டேன். கூட இரண்டு பீர். பத்து மணிக்குப் படுத்தவனை இரண்டரை மணிக்கு வலது கால் கட்டைவிரல் எழுப்பிவிட்டது. தேளோ பூரானோ கடித்துவிட்டது என்று என் மனைவி லைட்டைப் போட்டுப் பாயை உதறித் தேடினாள். ஒன்றும் இல்லை. விரல் அடிக்கணு கத்தரிக்காய் நிறத்துக்கு வீங்கி, எண்ணெய் தடவினதுபோல் தோல் மினுமினுத்தது. போர்வை நுனி பட்டதற்கே கத்திவிட்டேன்.

அந்த ராத்திரி நாங்கள் செய்ததெல்லாம் தப்பு. நல்லெண்ணெயைச் சுட வைத்துத் தடவி, சுளுக்கு என்று நினைத்து உருவி, உப்பு ஒத்தடம் கொடுத்து, விடியும்போது கணுக்கால்வரை வீங்கிப் போனது. அதனால்தான் இதை எழுதுகிறேன். இன்றைக்கு ராத்திரி யாருக்காவது இப்படி வந்தால் அவர்கள் உருவாமல் இருக்கட்டும்.

டாக்டர் இதை கவுட் என்பார். ஊரில் யூரிக் ஆசிட் என்றால்தான் புரியும். உடம்பில் பியூரின் என்ற பொருள் உடையும்போது யூரிக் ஆசிட் உண்டாகிறது. பெரும்பங்கு சிறுநீரகம் வழியாக வெளியே போய்விடும். போகாமல் ரத்தத்தில் தேங்கி 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் (100 மில்லி ரத்தத்துக்கு), அதற்கு மேல் கரையாமல் மூட்டில் ஊசி ஊசியாகப் படிகிறது. கவுந்தப்பாடிப் பக்கம் வெல்ல ஆலையில் பாகு காய்வதைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கொப்பரையில் சூடாக இருக்கும்வரை எல்லாம் கரைந்தே கிடக்கும், ஆறினால்தான் மணி மணியாகப் பிடிக்கும். உடம்பில் குளிர்ந்த இடம் கால் விரல். அதனால் முதலில் பெரும்பாலும் அங்கேதான் பிடிக்கிறது. அந்த ஊசிகளை எதிரி என்று நினைத்து உடம்பு சண்டைக்குப் போகிறது. நாம் படும் வலி அந்தச் சண்டையின் வலி.

சரி, வந்துவிட்டது. என்ன செய்வது?

காலை இரண்டு தலையணை மேல் தூக்கி வையுங்கள். நடக்க வேண்டாம், தேய்க்க வேண்டாம், சூடு காட்ட வேண்டாம். அப்புறம் ஐஸ். எங்கள் வீட்டில் முதல் வருஷம் ஃபிரிட்ஜ் இல்லை. பக்கத்துக் கடையில் பிள்ளைகள் வாங்கும் பாக்கெட் ஐஸ் ஐந்தாறு வாங்கி, ஈரத் துண்டில் சுற்றி விரலைச் சுற்றி வைத்தோம். அது குழைந்து விரலோடு பொருந்தி உட்காரும், கட்டி ஐஸைவிட நல்லது. 20 நிமிஷம் வைத்து எடுத்துவிட்டு, ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து மறுபடி வைக்கலாம். தோலில் நேராக வைக்கக் கூடாது. சர்க்கரை நோயால் கால் மரத்துப் போனவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், குளிர் புண்ணாக்கினாலும் தெரியாது.

போர்வை படாமல் இருக்க என் மனைவி கண்டுபிடித்த வழி ஒன்று சொல்கிறேன். நூல் கோன் வரும் அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தைக் கத்தரித்துக் காலின் மேல் கூடுபோலக் கவிழ்த்து, அதன்மேல் போர்வையைப் போட்டாள். மார்கழிக் குளிரில் அந்த அட்டைப்பெட்டி இல்லாவிட்டால் நான் தூங்கியிருக்கவே முடியாது.

மாத்திரை விஷயத்தில் நேரம்தான் முக்கியம். கோல்சிசின் என்று ஒரு மாத்திரை, இங்கே 0.5 மில்லிகிராமில் கிடைக்கிறது. வலி தொடங்கிய 12 மணி நேரத்துக்குள் போட்டால் நன்றாகக் கேட்கும். ஒன்றரை நாள் தாண்டினால் அவ்வளவாகக் கேட்காது. அதனால் ஒரு தடவை வந்தவர்கள் வலி இல்லாத நாளிலேயே டாக்டரிடம், “ராத்திரி வந்தால் எத்தனை போட வேண்டும், எத்தனைக்கு மேல் கூடாது?” என்று கேட்டு எழுதி வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றுப்போக்கு வரும்வரை மணிக்கொரு மாத்திரை போடுவது பழைய காலத்து முறை. இப்போது அப்படிக் கொடுப்பதில்லை, அது ஆபத்து. சிறுநீரகம், கல்லீரல் கோளாறு இருப்பவர்கள், கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

இந்த கோல்சிசின் நமக்கு அந்நியம் இல்லை. மூலனூர், தாராபுரம் பக்கம் பந்தல் கட்டிப் பயிர் செய்கிறார்களே கண்வலிக்கிழங்கு, செங்காந்தள், நம் மாநிலப் பூ, அதன் விதையிலிருந்துதான் இந்த மருந்தை எடுக்கிறார்கள். விதை வெளிநாட்டுக்குப் போகிறது. ஆனால் நம் ஊர்ச் செடிதானே என்று கிழங்கையோ விதையையோ யாரும் அரைத்துக் குடித்துவிடாதீர்கள். உயிரை எடுக்கிற விஷம் அது. மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவே இருப்பது சில மில்லிகிராம்தான், அதை வீட்டு அம்மியில் அளக்க முடியாது.

கோல்சிசின் ஆகாதவர்களுக்கு நாப்ராக்சன் போன்ற வலி மாத்திரையோ, சில நாளுக்கு ஸ்டீராய்டோ கொடுப்பார்கள். மூன்றுமே வேலை செய்கிறவைதான், யாருக்கு எது என்பதை அவரவர் உடம்பு தீர்மானிக்கிறது. சிறுநீரகம் பழுதானவர்களும் வயிற்றில் புண் இருப்பவர்களும் வலி மாத்திரையைத் தொடக் கூடாது. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடும். மருந்துக் கடையில் பெயர் தெரியாமல் நாலு கலர் மாத்திரை மடித்துக் கொடுத்தால் தயவுசெய்து வாங்காதீர்கள். எங்கள் தெருவில் ஒருவர் அப்படி மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிட்டு, இன்று சிறுநீரகத்துக்கு ஆஸ்பத்திரிக்கு அலைகிறார்.

காய்ச்சல், குளிர் நடுக்கம் சேர்ந்து வந்தாலோ, காலில் புண் இருந்து மூட்டு வீங்கினாலோ இதை யூரிக் ஆசிட் என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம். மூட்டுக்குள் சீழ் பிடித்தாலும் பார்க்க இதேபோலத்தான் இருக்கும். அது சில நாளில் மூட்டையே தின்றுவிடும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முதல் தடவை வருகிறவர்களும் அப்படித்தான். மூட்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

ரத்தப் பரிசோதனையில் ஒரு சிக்கல் இருக்கிறது. வலி உச்சத்தில் இருக்கும்போது எடுத்தால் யூரிக் ஆசிட் சாதாரண அளவாகக் காட்டலாம். எனக்கு 6.1 என்று வந்தது. “இது யூரிக் ஆசிட்டே இல்லை” என்று ஒருவர் அனுப்பிவிட்டார். வீக்கம் வடிந்து மூன்று வாரம் கழித்து எடுத்தபோது 9.2.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். வலி எதுவும் செய்யாவிட்டாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாக அடங்கிவிடும். அங்கேதான் ஏமாந்து போகிறோம். வலி போனாலும் ஊசிகள் போகவில்லை, மூட்டுக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. அவற்றைக் கரைக்க ரத்தத்தில் யூரிக் ஆசிட் 6-க்குக் கீழே இறங்கி, வருஷக்கணக்கில் கீழேயே இருக்க வேண்டும். அதற்குத் தினசரி மாத்திரை வேண்டும். பெரும்பாலும் அலோபூரினால் கொடுப்பார்கள், சிலருக்கு ஃபெபுக்சோஸ்டாட். அடிக்கடி வலி வருகிறவர்கள், கட்டி விழுந்தவர்கள், சிறுநீரகம் பாதித்தவர்கள் இதைத் தள்ளிப் போடக் கூடாது.

எனக்கு அலோபூரினால் 100 மில்லிகிராமில் தொடங்கினார்கள். ஒன்றரை மாதத்தில் மறுபடி கட்டைவிரல் பிடித்துக்கொண்டது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நானே நிறுத்திவிட்டேன். யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. அளவு இறங்கத் தொடங்கும்போது பழைய ஊசிகள் கரைந்து அசைவதால் முதல் சில மாதங்களில் வலி வரத்தான் செய்யும். மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். அதற்காகத்தான் கூடவே சிறு அளவு கோல்சிசினை மூன்று முதல் ஆறு மாதம்வரை கொடுப்பார்கள். இடையில் வலி வந்தாலும் அலோபூரினாலை நிறுத்தக் கூடாது.

நான் நிறுத்தினேன். இரண்டு வருஷத்தில் கணுக்கால், முழங்கால் என்று ஏறியது. முழங்கையில் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி வந்தது, உள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்புபோல. அகலமான ஜமக்காளத்துக்குத் தறியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்ய வேண்டும். என் கால் படுத்தால் என் மச்சான் கூலியும் படுத்துவிடும். ஒரு நாள் அவன், “மாமா, வலி மாத்திரைக்குக் காசு இருக்குதுங், வலி வராத மாத்திரைக்கு இல்லீங்களா?” என்று கேட்டான். அடுத்த வாரமே டாக்டரிடம் போய் மறுபடி தொடங்கினேன். மாதா மாதம் ரத்தம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி 300-க்கு வந்தோம். இப்போது 5.4. மூன்று வருஷமாக ஒரு தடவைகூட வரவில்லை. முழங்கைக் கட்டி மிளகளவுக்குச் சுருங்கிவிட்டது.

அலோபூரினால் தொடங்கிய முதல் இரண்டு மூன்று மாதத்தில் உடம்பில் தடிப்பு, வாயில் புண், காய்ச்சல் எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். சிலருக்கு அது உயிருக்கே ஆபத்தாகும். நிறுத்தலாம் என்று நான் சொல்வது இந்த ஒரு காரணத்துக்கு மட்டும்தான்.

சாப்பாட்டுக்கு வருவோம். இதில் ஆளாளுக்குப் பயமுறுத்துவார்கள். பருப்பே கூடாது என்று என்னை ஆறு மாதம் ரசத்தில் நிறுத்திவிட்டார்கள். பயறு, பருப்பு, கீரை, காளான் இவற்றில் பியூரின் இருந்தாலும் அவற்றால் கவுட் கூடுவதில்லை என்றுதான் ஆராய்ச்சிகள் சொல்கின்றன. அரிசிம்பருப்புச் சாதம், கொள்ளுப்பருப்பு, பச்சைப்பயறு கடைசல் எல்லாம் நான் தாராளமாகச் சாப்பிடுகிறேன். தயிரும் மோரும் நல்லதே செய்கின்றன. காபியும் கெடுதல் இல்லை, சர்க்கரையைக் குறைத்துக்கொண்டால் போதும். விட வேண்டியது ஈரல், குடல், மூளை, சுவரொட்டி, நெத்திலி, மத்தி. கறி மாதத்தில் ஒன்றிரண்டு தடவை, நாலு துண்டு. மூட்டுவலிக்கு ஆட்டுக்கால் சூப் நல்லது என்று அன்போடு கொண்டு வந்து கொடுப்பார்கள், இந்த மூட்டுவலிக்கு ஆகாது. கறி வேகும்போது பியூரின் சாற்றில்தான் இறங்குகிறது. பீர் எல்லாவற்றிலும் மோசம், பிராந்தியும் ஆகாது. பாட்டில் கலர், கரும்புச்சாறு போன்ற இனிப்புத் தண்ணீரும் யூரிக் ஆசிட்டை ஏற்றும், இது பலருக்குத் தெரிவதில்லை.

ஆனால் பத்தியத்தால் மட்டும் தீரும் என்று நம்ப வேண்டாம். எவ்வளவு கட்டுப்பாடாக இருந்தாலும் ஒரு புள்ளி அளவுக்குத்தான் இறங்கும். 9.2-ல் இருப்பவன் வாயைக் கட்டி 6-க்குக் கீழே வர முடியாது. இந்த நோய் பெரும்பாலும் பரம்பரையாகவும் சிறுநீரகத்தின் போக்காலும் வருவது. தின்று கெடுத்துக்கொண்டான் என்று யாரையும் ஏசாதீர்கள். அந்தப் பேச்சுக்குக் கூச்சப்பட்டே பல பேர் டாக்டரிடம் போவதில்லை.

தண்ணீர் நிறையக் குடியுங்கள். குழியிலிருந்து ஏறி இறங்கச் சோம்பல்பட்டு நாங்கள் தண்ணீரே குடிக்க மாட்டோம், இப்போது இரண்டு லிட்டர் பாட்டில் தறிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இருதயம், சிறுநீரகத்துக்காகத் தண்ணீர் அளவு சொல்லப்பட்டவர்கள் அந்த அளவைத் தாண்ட வேண்டாம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்கு வெயில், வியர்வை, பாதத்தில் அடி, விரதம் நாலும் சேர்ந்துவிடும். பட்டினி கிடந்தாலே யூரிக் ஆசிட் ஏறும். நடப்பவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டு, மாத்திரையைப் பையில் வைத்துக்கொண்டு, குடித்துக்கொண்டே நடங்கள். எடையைக் குறைப்பதையும் மெதுவாகத்தான் செய்ய வேண்டும்.

பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிட்டால் அதுவும் யூரிக் ஆசிட்டை ஏற்றலாம். நீங்களாக நிறுத்தாமல், மாற்ற முடியுமா என்று கேளுங்கள். லோசார்ட்டன் என்ற பிரஷர் மாத்திரை யூரிக் ஆசிட்டைக் கொஞ்சம் இறக்கவும் செய்யும். இருதயத்துக்காகச் சாப்பிடும் ஆஸ்பிரினையும் இதற்காக விட்டுவிடாதீர்கள்.

ஆம்பளைகளுக்குத்தான் வரும் என்பார்கள். போன வருஷம் என் அக்காவுக்கு வந்தது. மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கும் வரும். அவள் போன் பண்ணி, “தம்பி, கால் வெரல்ல என்னமோ கடிச்ச மாதிரி இருக்குதுடா” என்றாள். எண்ணெய் தடவாதே, உருவாதே, பாக்கெட் ஐஸ் வாங்கி வை, வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, ஒரு அட்டைப்பெட்டியையும் வண்டியில் கட்டிக்கொண்டு அந்தியூருக்குக் கிளம்பினேன்.