போனிலேயே போதைப் பழக்கத்தை அளந்து பார்க்க

கிளிநொச்சியில் உளவளத்துணை வேலை செய்கிறேன். பரந்தன், தருமபுரம், விசுவமடுப் பக்கத்து அம்மாமார் வட்ஸ்அப்பில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "மகன் கஞ்சா பாவிக்கிறான், ஐஸும் எடுக்கிறானோ தெரியாது, எங்கே கொண்டுபோறது?" எங்கே என்பதற்கு முன், பழக்கம் எந்த அளவில் நிற்கிறது என்று அவனுக்கே தெரிய வேண்டும்.

அதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் 'அசிஸ்ட்' கேள்வித்தாள் இருக்கிறது. எட்டுக் கேள்விகள், சாராயம், கஞ்சா, ஐஸ் (மெத்தம்பெட்டமைன்), ஹெரோயின், தூக்க மாத்திரை என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் புள்ளி. இணையத்தில் இலவசம். பெயரோ அடையாள அட்டை இலக்கமோ கேட்கும் பக்கமென்றால் உடனே மூடிவிடுங்கள்.

பாவிக்கிறவர்தான் நிரப்ப வேண்டும். தாய் பக்கத்தில் நின்றால் பதில் சுத்தமாக வராது. வன்னியில் பல வீடுகளில் ஒரே போன்தான், ஆகவே முடிந்ததும் தேடல் வரலாற்றை அழிக்கச் சொல்லிக்கொடுங்கள்.

கேள்விகள் கூடுதலாகக் 'கடந்த மூன்று மாதம்' பற்றியவை. இங்கேதான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். கூலி வேலைக்குப் போகிற பொடியனுக்கு மாதக் கணக்கு நிற்காது. நான் கோயிலையும் வயலையும் வைத்துக் கேட்பேன்: "காலபோக வெட்டு முடிஞ்ச பிறகு எத்தனை தரம்? வற்றாப்பளைப் பொங்கலுக்குப் பிறகு?" உடனே ஞாபகம் வரும். எத்தனை தரம் எடுத்தீர்கள், எடுக்க வேண்டுமென்ற வெறி வந்ததா, உடம்பிலோ வீட்டிலோ காசிலோ பொலிஸிலோ சிக்கல் வந்ததா, செய்ய வேண்டிய வேலை நின்றதா, யாராவது கவலைப்பட்டார்களா, விடப்பார்த்து முடியாமல் போனதா என்று போகும்.

ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு புள்ளி. ஒரு பொடியன் கிழமைக்கொரு தரம் கஞ்சா அடிக்கிறான் என்று வைப்போம்: 4. கிழமைதோறும் வெறி: 5. ஓரிரு தரம் சிக்கல்: 4. வேலை நிற்கவில்லை: 0. அம்மா இப்போது கவலைப்படுகிறார்: 6. முன்பொருகால் விடப்பார்த்தான்: 3. மொத்தம் 22. மதுவைத் தவிர மற்றவற்றுக்கு 0 முதல் 3 வரை குறைந்த ஆபத்து, 4 முதல் 26 வரை நடுத்தரம், 27உம் அதற்கு மேலும் கூடிய ஆபத்து. மதுவில் மட்டும் குறைந்த ஆபத்து 10 வரை போகும்.

நடுத்தரத்துக்கு மூன்று முதல் பதினைந்து நிமிடப் பேச்சே உதவும். அவுஸ்திரேலியா, பிரேசில், இந்தியா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் சோதித்து, மொத்தத்தில் பாவனை குறைவதைக் கண்டிருக்கிறார்கள். புத்திமதி வேண்டாம். வீடியோ அழைப்பு வலைப்பின்னலில் அறுந்து அறுந்து வந்தால் குரல் அழைப்பே போதும்.

"தம்பி, 22 வந்திருக்கு. உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டுவிட்டுப் பொறுங்கள். பிறகு, "இதில உங்களுக்குப் பிடிச்சது என்ன? பிடிக்காதது என்ன?" பிடிச்சதையும் கேட்க வேண்டும், அப்போதுதான் மற்றதையும் சொல்வான். "காசுதான் அக்கா, லீசிங் கட்ட ஏலாமல் கிடக்கு" என்றால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். குறைப்பதா விடுவதா என்று அவனே சொல்லட்டும். இந்தக் கிழமைக்கு ஒரு சின்ன முடிவு, அடுத்த அழைப்புக்கு ஒரு நாள். சரி, அவ்வளவுதான்.

27ஐத் தொட்டாலோ, ஊசி ஏற்றுகிறார் என்றாலோ, போனை நம்பி இருக்க வேண்டாம். மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். தினமும் நிறையக் குடிப்பவரும் தூக்க மாத்திரை எடுப்பவரும் ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரலாம், ஆகவே வைத்தியரைக் கேட்டே நிறுத்த வேண்டும். ஹெரோயினைக் கொஞ்சக்காலம் விட்டுவிட்டுப் பழைய அளவிலேயே மறுபடி எடுப்பதுதான் உயிரைக் கொண்டுபோவது. இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

மூச்சு மெதுவாகி உதடு நீலமானால் 1990 அம்புலன்ஸ். உயிரை மாய்க்கும் எண்ணம் பற்றிக் கதைத்தால் தனியே விடாமல் 1926 மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள்.