மொரீசியஸ் விமான நிலையத்திலிருந்து பெட்டிகளோடு ஊருக்குள் போக: பேருந்தா, டாக்சியா, மெட்ரோவா?

சர் சிவசாகர் ராம்கூலம் பன்னாட்டு விமான நிலையம் இருப்பது தீவின் தென்கிழக்கு மூலையில், பிளேசான்ஸில். தலைநகர் போர்ட் லூயிஸ் இருப்பது வடமேற்கில். நடுவே ஏறத்தாழ 48 கிலோமீட்டர். விமான நிலையத்துக்கு ரயில் கிடையாது. மெட்ரோ பாதை கியூர்பீப்போடு முடிந்துவிடுகிறது. சென்னையில் செய்வதுபோல வெளியே வந்து கைப்பேசியில் உபர் பிடித்துவிடலாம் என்று நினைத்து வராதீர்கள், இங்கே உபர் இல்லை.

முதல்முறை வருபவர்கள் "எது மலிவு?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதைக் கடைசியில் கேளுங்கள். போய்ச் சேரும் இடம், வெளியே வரும் நேரம், பெட்டிகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் தெரிந்துவிட்டால், பல நேரம் விலை பற்றி யோசிக்கவே இடமிருக்காது.

படி 1: இறங்கவேண்டிய இடத்தைத் தெருவரை தெரிந்துகொள்ளுங்கள்

"போர்ட் லூயிஸ்" என்று மட்டும் எழுதி வைத்துக்கொள்வது போதாது. தெற்கிலிருந்து வரும் பேருந்துகள் விக்டோரியா நிலையத்தில் நிற்கும். திரியோலே, கிராண்ட் பே, குட்லண்ட்ஸ் போன்ற வடக்கு ஊர்களுக்கான பேருந்துகள் இமிகிரேஷன் ஸ்குவேரிலிருந்து கிளம்பும். இரண்டுக்கும் இடையே சுமார் ஒரு கிலோமீட்டர். கைவீசி நடந்தால் ஒன்றுமில்லை. பகல் நெரிசலில் இரண்டு பெட்டிகளை இழுத்துக்கொண்டு போனால் பாதி வழியிலேயே டாக்சி தேடுவீர்கள். சாந்த் க்ருவாவில் இருக்கும் கைலாசம் கோயில் பக்கம் தங்குபவர்களுக்கும் இதே கதைதான். பேருந்தில் போர்ட் லூயிஸ் வந்தபின் இன்னொரு வண்டி மாறவேண்டும்.

ஆகவே வடக்கும் மேற்குக் கடற்கரையும் என்றால், பெட்டி இருக்கும்போது கார்தான். மாஹேபூர், புளூ பே, ரோஸ் பெல் மூன்றும் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊர்கள். எதில் போனாலும் சிரமமில்லை. உண்மையில் யோசிக்க வேண்டியவர்கள் நடுவில் இருக்கிறவர்கள்: கியூர்பீப், வாக்வா, ஃபீனிக்ஸ், காத்ர் போர்ன், ரோஸ் ஹில், போ பாசேன். இந்த ஊர்கள் எல்லாம் மெட்ரோ வழியில் வருகின்றன.

படி 2: விமானம் இறங்கும் நேரத்தோடு ஒன்றேகால் மணி சேருங்கள்

குடிவரவு வரிசை, பெட்டி வரும் பட்டை, சுங்கம், சிம் கார்டு எல்லாம் முடிய ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். துபாயிலிருந்து வரும் எமிரேட்ஸ் ஏ380 அதே நேரத்தில் இறங்கினால் அதற்கு மேலும் ஆகலாம். கிராமப்புறத் தடங்களில் மாலை ஆறரைக்குப் பின் பேருந்தை நம்ப முடியாது. கணக்கைப் போட்டுப் பாருங்கள்: நாலரைக்கு இறங்கினால் வெளியே வர ஐந்தே முக்கால். நேர் பேருந்து கிடைக்கலாம்; ஆனால் அதிலிருந்து மாறவேண்டிய அடுத்த பேருந்து போயிருக்கும். நாலு மணிக்குப் பின் இறங்குபவர்கள் பேருந்தைத் திட்டத்தில் வைக்கவே வேண்டாம்.

காலையில் வேறு தொல்லை. ஏழு மணி முதல் ஒன்பது வரை எம்1 நெடுஞ்சாலையில் எல்லோரும் போர்ட் லூயிஸ் நோக்கித்தான் போவார்கள். ஃபீனிக்ஸுக்கும், போர்ட் லூயிஸை ஒட்டிய பாய் (Pailles) என்ற ஊருக்கும் இடையே வண்டி ஊரும். சாதாரணமாக ஒரு மணி நேரத்தில் போகும் கார் அப்போது நிற்கும் நேரமே அதிகம். கியூர்பீப் வரை காரில் போய் அங்கிருந்து மெட்ரோவில் ஏறுவது அந்த நேரத்தில் நல்ல யோசனை. போர்ட் லூயிஸுக்கு நாற்பது நிமிடம்போல ஆகும்.

படி 3: பெட்டிகளை எண்ணுவதோடு நிறுத்தாமல் அளந்தும் பாருங்கள்

பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான். "நாலு பேர், ஒரு டாக்சி" என்று பேசி முடித்துவிட்டு, வண்டி அருகே போனபின் விழிப்பார்கள். இங்கே டாக்சி என்றால் பெரும்பாலும் செடான் கார். அதன் டிக்கியில் 23 கிலோ பிடிக்கும் 28 அங்குலப் பெட்டி இரண்டு படுக்கும். இடுக்கில் ஒரு கைப்பை நுழையும். மூன்றாவது பெரிய பெட்டி முன் இருக்கைக்குத்தான் வரும், அப்படியானால் ஓர் ஆள் குறைய வேண்டும். நாலு பேரும் நாலு பெரிய பெட்டிகளும் ஒரு செடானில் போக முடியாது. வேன் கேளுங்கள், அல்லது இரண்டு டாக்சி எடுங்கள்.

டிக்கி மூடியைத் தாங்கும் இரும்புக் கைகளைக் கவனியுங்கள். பல கார்களில் அவை மூடும்போது உள்ளே வளைந்து இறங்கும். பெட்டி ஓரத்தில் நின்றால் கை அதன் மேல் அமரும். ஓட்டுநர் ஓங்கி அடைத்தால் பிளாஸ்டிக் பெட்டியின் மூலை விரிசல் விடும். பெரிய பெட்டிகளை நடுவிலும் துணிப்பைகளை ஓரத்திலும் வைக்கச் சொல்லுங்கள். ஊறுகாய் பாட்டில் இருக்கும் பையை மட்டும் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேருந்தில் பெட்டிக்கென்று தனி இடம் கிடையாது. ஒரு பக்கம் மூவர் இருக்கை, மறுபக்கம் இருவர் இருக்கை, நடுவே ஒடுங்கிய வழி. 20 அங்குலப் பெட்டி ஒன்றைக் காலிடையில் நிறுத்தலாம். பெரிய பெட்டி என்றால் ஒரு முழு இருக்கையை அடைக்கும். நடத்துநர் அதற்கும் டிக்கெட் கேட்டால் அவர் கேட்பதில் நியாயம் உண்டு. ஆளுக்கு ஒரு சிறு பெட்டி, முதுகில் ஒரு பை. பேருந்துக்கு வரம்பு அவ்வளவுதான்.

மெட்ரோ இதில் எவ்வளவோ மேல். தளம் நடைமேடை உயரத்திலேயே இருப்பதால் பெட்டியைத் தூக்க வேண்டாம், உருட்டியே ஏற்றலாம். சக்கர நாற்காலிக்கு விட்டிருக்கும் இடத்தின் ஓரத்தில் நின்றுகொள்ளுங்கள். அந்த இடத்துக்கு உரியவர் வந்தால் நகர்ந்து கொடுங்கள்.

படி 4: சில்லறை

வெளியே வருமுன் கொஞ்சம் பணம் மாற்றிக்கொள்ளுங்கள். பேருந்துக்கு நூறு, ஐம்பது, இருபத்தைந்து ரூபாய் நோட்டுகள் வேண்டும்; இரண்டாயிரத்தை நீட்டினால் நடத்துநர் முகம் மாறும். நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்தபடி தமிழ் எழுத்து இருக்கும், எளிதாக அடையாளம் காணலாம். 1998இல் தமிழைப் பின்னுக்குத் தள்ளி அச்சிட்ட நோட்டுகளுக்கு இங்குள்ள தமிழர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததால், அவை திரும்பப் பெறப்பட்டு மறு அச்சாகின. நூறு ரூபாய் நோட்டுப் படத்தில் இருப்பவரும் நம்மவர்தான், தமிழ் வம்சாவளி அரசியல்வாதி ரெங்கநாதன் சீனிவாசன்.

படி 5: ஏறுவது

பேருந்து: போர்ட் லூயிஸுக்கு 198, கியூர்பீப்புக்கு 9. இரண்டும் மாஹேபூரிலிருந்து கிளம்பி வருபவை. ஒரே எண் இரு திசையிலும் ஓடும் என்பதால் முன்கண்ணாடிப் பலகையில் ஊர்ப்பெயரைப் பார்த்துவிட்டு, நடத்துநரிடமும் ஒருமுறை கேட்டுக்கொண்டு ஏறுங்கள். பள்ளி நேரத்தில் விமான நிலையத்துக்கு வரும்போதே இருக்கை நிறைந்திருக்கும். அப்போது எதிர்ப்புறமாக மாஹேபூர் நிலையத்துக்கே போய், புறப்படும் இடத்தில் ஏறி, பெட்டியோடு உட்கார்ந்து வருவது அதிக நேரம் பிடித்தாலும் நிம்மதி. கியூர்பீப்பில் இறங்கினால் மெட்ரோ நிலையம் பக்கத்திலேயே. அங்கே மழைக்கு நாள் கிழமை கிடையாது, குடையைப் பெட்டிக்குள் பூட்டி வைக்காதீர்கள்.

டாக்சி: மீட்டர் போட்டு ஓட்டுவது அபூர்வம். பெட்டி டிக்கிக்குள் போகுமுன் பேசிவிடுங்கள். "கோமியே பு அல் ரோஸ் ஹில்?" (ரோஸ் ஹில் போக எவ்வளவு?) என்று உள்ளூர்க் கிரியோலில் கேட்டாலும் சரி, ஆங்கிலத்தில் கேட்டாலும் சரி. கேட்கவேண்டியவை: தொகை ஆளுக்கா வண்டிக்கா, பெட்டி சேர்த்தா, மொரீசியஸ் ரூபாயா யூரோவா. கடைசிக் கேள்வியை விட்டுவிடுபவர்கள்தான் வீட்டு வாசலில் சண்டை போடுகிறார்கள். வருகைக் கூடத்திலேயே வந்து ஒட்டிக்கொள்பவர்களைத் தவிர்த்து, டாக்சி நிற்கும் இடத்துக்கு நீங்களே போங்கள்.

முன்பதிவு: இரவில் இறங்குபவர்கள், முதியவர்கள், கைக்குழந்தையோடு வருபவர்கள் இதைத்தான் எடுக்கவேண்டும். வாட்ஸாப்பில் விமான எண், பெட்டிகளின் எண்ணிக்கையும் அளவும், முழுத் தொகை, விமானம் தாமதித்தால் காத்திருக்கும் கட்டணம் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

வாடகைக் கார்: இந்தியா, இலங்கைபோல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். முன்பணத்துக்குப் பெரும்பாலும் கிரெடிட் கார்டு கேட்பார்கள். மிகச் சிறிய கார் எடுத்தால் ஒரு பெரிய பெட்டிக்கு மேல் டிக்கியில் போகாது. இரவு விமானத்தில் தூக்கமின்றி வந்தவர்கள் உடனே ஓட்ட வேண்டாம், மறுநாள் எடுத்துக்கொள்ளலாம்.

மாறுபட்ட நாட்கள்

தைப்பூசக் காவடி இங்கே அரசு விடுமுறை. பேருந்துகள் குறையும், காத்ர் போர்னில் மலைக்கோயில் பக்கம் சாலைகளில் காவடி ஊர்வலம் போகும். சிவராத்திரிக்கு முந்தைய நாட்களில் கங்கா தலாவோ என்ற புனித ஏரிக்கு நடந்து போகும் பக்தர்களால் வாக்வா, கியூர்பீப் பகுதிகளில் வண்டி நத்தைபோல நகரும். இரண்டு வேளையிலும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

நவம்பர் முதல் மே நடுப்பகுதி வரை புயல் காலம். எச்சரிக்கை நான்கு வகுப்புகளில் அறிவிக்கப்படும். மூன்றாம் வகுப்பு வந்துவிட்டால் பேருந்தும் மெட்ரோவும் நின்றுவிடும், டாக்சிக்காரர்களும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இரண்டாம் வகுப்பு இருக்கும்போது இறங்கினால், வடக்கே நெடுந்தூரம் போக முயலாமல் விமான நிலையத்தை ஒட்டிய பிளேன் மான்யேனிலோ மாஹேபூரிலோ அன்றிரவு அறை எடுங்கள்.